ஏரிக்கு ஒரு பாவாடை

ஏரிக்குப் பாவாடை கட்டி நீங்கள் பார்த்திருக்கிறீர்களா?

“இன்னா மாமே, நாலடியா, எட்டடியா? சீக்கிரம் சொல்லு. கடைக்காரன் லைன்ல கீறான்” என்றான் ஜெகதீசன்.

ஆவடிக்குப் பக்கத்தில் ஓர் ஏரி. அதன் மூலையில் நடைபாலத்துக்குத் தூண் போடும் வேலை. லோகநாதன் சூப்பர்வைசர். ஜெகதீசன் அவரோடு இருபது வருஷமாகச் சுற்றும் மேஸ்திரி.

துளை போடும்போது சேறு கிளம்பி ஏரி முழுக்கப் பரவும். அதைத் தடுக்க, மிதவைகளை வரிசையாகக் கோத்து, அவற்றுக்குக் கீழே கனமான துணியைத் தொங்கவிட வேண்டும். ஆட்கள் அதற்கு வைத்த பேர்தான் பாவாடை. முதலில் கட்டியது மூன்றடித் துணி. சேறு அதன் அடியில் புகுந்து அந்தப் பக்கம் போய்விட்டது. வாக்கிங் வந்தவர்கள் போட்டோ எடுத்து அதிகாரிகளுக்கு அனுப்ப, அவர்கள் வேலையை நிறுத்திவிட்டார்கள்.

“எட்டடி. தரை வரைக்கும் தொங்கணும்” என்றார் லோகநாதன்.

“ஓனர் நாலடி போதும்னாரு. எட்டடி காத்துல இழுத்துகினு பிச்சிக்குமாம். பிச்சிக்கிச்சின்னா உன்ன ஊட்டுக்கு அனுப்பிடுவாரு. அம்பத்தஞ்சு வயசுல எவன் உனுக்கு வேற வேல குடுப்பான்?”

லோகநாதன் தண்ணீரைப் பார்த்தார்.

“எங்கம்மா இந்த ஏரிக்குக் கீழதான்டா நாத்து நட்டுச்சு. மத்தியானம் நான் சோத்துத் தூக்கை எடுத்துகினு வருவேன். கரையில குந்திகினு, ரெண்டு கையால தண்ணிய அள்ளி அப்படியே குடிக்கும். ‘இளநியெல்லாம் இதுகிட்ட பிச்ச வாங்கணும்’னு சொல்லும்.”

“இப்ப அள்ளிக் குடி பாப்போம். நேரா ஆஸ்பத்திரிதான்.”

“அதான். நம்மளும் சேந்து கலக்க வாணாம். எட்டடியே அனுப்பச் சொல்லு.”

கரையிலிருந்து கரைக்கு வளைத்து, எட்டடித் துணியைக் கட்டினார்கள். அடியில் சங்கிலி, அங்கங்கே நங்கூரம். மூலை தனி, ஏரி தனி என்றானது. ஆய்வுக்கு ஆள் வர இரண்டு வாரம் ஆனது. அதுவரை துளை போடும் மெஷின் கரையில் தூங்கியது. லோகநாதன்தான் தூங்கவில்லை.

அதிகாரி சுரேகா வந்து கரைமேல் நின்றார். மிதவைக்கு ஒரு பக்கம் கறுப்பும் பச்சையுமாக நுரை கட்டிய தண்ணீர். மறுபக்கம் அடித்தரையே தெரிந்தது. கெண்டைக் குஞ்சுகள் கூட்டமாக ஓடின.

“பரவால்லையே! உங்க அழுக்கு ஒரு சொட்டு கூட தாண்டல. நாளைக்கே வேலைய ஆரம்பிங்க.”

“மேடம், அது வந்து...” என்று ஜெகதீசன் வாயைத் திறந்தான். லோகநாதன் அவன் காலை மிதித்தார்.

கையெழுத்துப் போட்டுவிட்டு ஜீப் போய்விட்டது. லோகநாதன் கரையிலேயே உட்கார்ந்துவிட்டார்.

“வேல தப்பிச்சிச்சு இல்ல? இன்னாத்துக்கு மாமே மூஞ்சத் தூக்கி வெச்சிகினு கீற?”

“ஒண்ணுமில்லடா. இன்னும் கொஞ்ச நேரம் பாத்துக்குறேன்.”

மறுநாள் காலை ஏழு மணிக்கு மெஷினை இறக்கினார்கள், பாவாடைக்குள் இரண்டு வாரமாகத் தெளிந்து, கெண்டைக் குஞ்சுகள் ஓடிய அந்தத் தண்ணீருக்குள். கறுத்து நுரைத்துக் கிடந்த மறுபக்கம்தான் ஏரி.