வாக்கியத்தில் அமைத்து எழுதுக

"பெத்த தாயைப் பத்தி இப்படியா எழுதுவ?"

இங்கிலீஷ் வாத்தியார் சிங்காரவேலு விடைத்தாளை மேசைமேல் அறைந்தார். எதிரில் நின்ற மாணவி கொளஞ்சி தலையைத் தூக்கவில்லை.

'கிராக்கடைல் டியர்ஸ்' என்பதை மூன்று நாள் தொண்டை வறள நடத்தியிருந்தார் அவர். பரீட்சையில் அதை வாக்கியத்தில் அமைக்கச் சொன்னால், ஒருவன் 'முதலை என் சட்டையைக் கிழிக்கிறது' என்று எழுதியிருந்தான். இன்னொருவன் முதலைக்குக் கண்வலி என்று எழுதியிருந்தான். அதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொண்டார்.

கொளஞ்சி எழுதியதைத்தான் தாங்க முடியவில்லை.

'என் அப்பா இறந்தபோது என் அம்மா முதலைக் கண்ணீர் வடித்தார்.'

"அர்த்தம் சொல்லு."

"பொய்யா அழுவுறது சார்."

"தெரியுதில்ல? அப்ப இதை அடிச்சுட்டு வேற எழுது."

கொளஞ்சி பேனாவைத் தொடவில்லை.

"நல்லாப் படிக்கிறவ நீயே இப்படிப் பண்ணுனா நான் எங்க போய் முட்டிக்கிறது? எஸ்.எஸ்.எல்.சி.யில இதை எழுதி வச்சா, பேப்பர் திருத்துறவன் என்னைத்தான் காறித் துப்புவான். நாளைக்கு உங்க அம்மாவைக் கூட்டிட்டு வா!"

மறுநாள் மத்தியானம் முத்தாயி களைவெட்டிலிருந்து நேராகப் பள்ளிக்கூடத்துக்கு வந்தாள். கையில் மண்கூடக் காயவில்லை. புருசன் இறந்து ஆறு மாசம் ஆகியிருந்தது.

"இங்க பாரும்மா, நீ நெஞ்சில அடிச்சுக்கிட்டு அழுததை மீன்சுருட்டி ஊரே பாத்திருக்கு. உன் பொண்ணு என்னடான்னா, நீ பொய்யா அழுதேன்னு எழுதியிருக்கா. மாத்துன்னா மாத்த மாட்டேங்கிறா. என்னால முடியல. நீயே கேளு."

முத்தாயி மகளைப் பார்த்தாள்.

"நீயா எழுதுன?"

"ஆமாம்மா."

"இதுக்கு எவ்வளவு மார்க்கு சார்?"

"மார்க்கா? முட்டைதான்!"

முத்தாயி முந்தானையை விலக்கி இடது கையை நீட்டினாள். முழங்கைக்குக் கீழே எலும்பு கோணலாகக் கூடியிருந்தது.

"சோறு ஆறிப்போச்சுன்னு அந்த மனுசன் ஒடச்சது சார். இது ஒண்ணுதான் வெளியில தெரியுறது. அவரு செத்தப்ப, அழுவலன்னா ஊரு பேசுமேன்னு அழுதேன். எல்லாரும் நம்பிட்டாங்க."

சிங்காரவேலு நாற்காலியிலிருந்து எழுந்து நின்றார்.

முத்தாயி மகளின் தலையைத் தடவிக் கொடுத்தாள்.

"புள்ள சரியாத்தான் எழுதியிருக்கா. மார்க்கு போட்டுடுங்க சார்."