முப்பது லட்சம் எழுத்து

"நம்மளத் தேடி வந்த மனுசரை இப்படியா மடக்குறது? நாளைக்கே ஒரு மன்னிப்புக் கடுதாசி எழுதிக் குடுத்துரும்மா."

அதிகாரி ராமசுப்பிரமணியன் இப்படிச் சொன்னதும் காலிதாவுக்குச் சுருக்கென்றது.

"நான் சொன்னது தப்பா இருந்தா எழுதித் தாரேன் சார்."

அது 1968. எந்தக் கரையில் எவ்வளவு மீன் இறங்கியது என்று கணக்கெடுக்கும் மண்டபத்து அலுவலகம். அந்தக் கணக்கை அட்டைகளில் துளையாகப் போடுவது காலிதாவின் வேலை. தற்காலிக வேலைதான். ஆனாலும் அவள் தெருவிலிருந்து ஆபீசுக்குப் போன முதல் பெண் அவள்.

அன்று காலை மெட்ராஸிலிருந்து ஒரு கம்ப்யூட்டர் கம்பெனிக்காரர் வந்திருந்தார். அந்த வெக்கையிலும் கோட்டு, டை. வாயைத் திறந்தால் பாதிக்கு மேல் இங்கிலீஷ். தோசைக்கல்லை அடுக்கி வைத்தது போலிருந்த ஒரு டிஸ்க்கின் படத்தை மேஜையில் விரித்தார்.

"இது ஒண்ணுல மட்டும் முப்பது லட்சம் எழுத்து பிடிக்கும். உங்க அலமாரி அத்தனையையும் காலி பண்ணிடலாம்!"

அதிகாரி அசந்துபோனார். "நம்மகிட்ட வருசத்துக்கு முப்பத்திரண்டாயிரம் அட்டை. அட்டைக்கு எண்பது எழுத்து. இருபத்தஞ்சரை லட்சம் சொச்சம் வருது. அப்ப ஒரு வருசக் கணக்கு முழுசா இதுக்குள்ள அடங்கிரும்!"

காலிதா விளம்பரத் தாளைப் புரட்டி, பின்பக்கத்துப் பொடி எழுத்தைப் படித்துக்கொண்டிருந்தாள்.

"சார், இதை அறை அறையாப் பிரிச்சிருக்குன்னு போட்டிருக்கே, மொத்தம் எத்தனை அறை?"

"இருபதாயிரம்."

"ஒரு அறையில?"

"நூறு எழுத்து."

"அப்ப இருபது லட்சந்தானே வருது? மீதிப் பத்து லட்சம் எங்கன சார் போச்சு?"

வந்தவர் டையைத் தளர்த்திக்கொண்டார். "அது... ஒவ்வொரு அறைக்கும் நம்பர் எழுதணும். நடுவுல இடைவெளி விடணும். அதுக்கெல்லாம் இடம் போயிடும். அறை பிரிக்காம வெறுந்தட்டா அளந்தா முப்பது லட்சம்."

"பிரிக்காம எங்க அட்டைகளை வைக்க முடியுமா?"

"முடியாது."

"எங்க அட்டை எண்பது எழுத்து. அறைக்கு ஒண்ணுதான் வைக்கலாம். இருபதாயிரம் அட்டையோட நெறஞ்சிரும். மீதிப் பன்னிரண்டாயிரத்தை நான் எங்க சார் வைக்கிறது?"

காலிதா அதோடு விடவில்லை.

"எங்க வாப்பா சரக்குத் தோணி ஓட்டுறவுக சார். பேருக்கு அது நூறு டன் தோணி. தண்ணிப் பீப்பாய், பாய், கயிறு, ஆளுக சாப்பாடு எல்லாம் போக எண்பதுதான் ஏத்துவாக. சரக்குப் போட வாறவுககிட்டயும் எண்பதுன்னுதான் சொல்லுவாக."

பின்வரிசையில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். வந்தவர் சிரிக்கவில்லை. டைரியை எடுத்தார்.

"உங்க முழுப் பேரு?"

"காலிதா. ஜெய்னுலாபுதீன் மகள்."

எழுதிக்கொண்டார். வரவழைத்த டீயைக்கூடக் குடிக்காமல் கிளம்பிவிட்டார்.

"பேரை எழுதிட்டுப் போறாருன்னா விசயம் மேலிடத்துக்குப் போகுதுன்னு அர்த்தம்" என்றார் தலைமைக் குமாஸ்தா பாக்கர். அதற்குப் பிறகுதான் அதிகாரி மன்னிப்புக் கடுதாசி கேட்டது.

வீட்டுக்கு வந்து நடந்ததைச் சொன்னாள். ஜெய்னுலாபுதீன் ஒன்றே ஒன்றுதான் கேட்டார்.

"நீ போட்ட கணக்குச் சரிதானாம்மா?"

"சரிதான் வாப்பா."

"பெறகு எதுக்கு மன்னிப்பு? வேலை போனாப் போகட்டும். அல்லாஹ் இருக்கான். நீ பாட்டுக்குத் தலைநிமிந்து போயிட்டு வா."

காலிதா எழுதவில்லை. அதிகாரி தினமும் கேட்டார். தினமும் அவள், "கணக்குல தப்பு எங்கன இருக்குன்னு சொல்லுங்க சார், எழுதுறேன்" என்றாள். கூட வேலை பார்த்தவர்கள் அவளோடு பேசுவதையே குறைத்துக்கொண்டார்கள்.

பத்தாம் நாள் அந்தக் கம்பெனி முத்திரையோடு ஒரு தபால் வந்தது.

"வந்திருச்சு பாத்தியா? சொன்னா எங்க கேக்குற?" என்று முணுமுணுத்துக்கொண்டே பிரித்தார் அதிகாரி. படித்தார். மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, இன்னொரு தடவை படித்தார். பிறகு அவளிடம் நீட்டினார்.

இங்கிலீஷில் ஒரு வார்த்தை இல்லை. முழுக்கத் தமிழ்.

"ஐயா,

நாலு வருஷமாக இந்த முப்பது லட்சத்தை ஊர் ஊராகச் சொல்லிவருகிறேன். மீதி எங்கே என்று ஒருவர்கூடக் கேட்டதில்லை. மெட்ராஸில் புதிதாகத் தொடங்கும் கம்ப்யூட்டர் நிலையத்துக்கு நல்ல ஆள் தேடுகிறார்கள். நிரந்தர வேலை, பெண்களுக்கு விடுதியும் உண்டு. காலிதாவின் பெயரைக் கொடுத்திருக்கிறேன். தயவுசெய்து அனுப்பிவையுங்கள்.

எங்கள் விளம்பரத் தாளில் இனி இருபது லட்சம் என்றே அச்சாகும். 'இதைக் கண்டுபிடித்தது யாரய்யா?' என்று மேனேஜர் கேட்டார். 'எங்க ஊர்ப் பொண்ணு சார்!' என்றேன்.

இப்படிக்கு,
நம்ம ஜில்லா கடலாடி மருதுபாண்டி."