பூக்கட்டிப் பார்த்தது

மகளுக்கு டெல்லியில் வேலை கிடைத்த கடிதத்தைப் படித்துவிட்டு, "முருகன் கோயில்ல பூக்கட்டிப் பாத்திருவோம்" என்றார் சிவமுருகன். "சிவப்புப் பூ வந்தா போகட்டும். வெள்ளை வந்தா, என்னை மாதிரி கொடைக்கானல்லயே கெடந்து கேரட் விக்கட்டும்!"

மகளின் முகம் சுருங்கியது.

இதே கோயிலில் வெள்ளைப் பூ வந்ததால்தான் அவரும் அந்தக் காலத்தில் டெல்லி வேலையைக் கைவிட்டார். அந்தப் புலம்பலை அவர் மனைவி புவனா இருபத்தைந்து வருடமாகக் கேட்கிறாள். பொட்டலம் கட்ட உட்கார்ந்தவளுக்கு இன்று கை ஓடவில்லை.

"என்னங்க, திட்டாதீங்க. அன்னைக்குக் கோயில் வாசல்ல பூ வித்துக்கிட்டிருந்த நான்தானே உங்களுக்குக் கட்டிக் கொடுத்தேன்? நீங்க ஊரைவிட்டுப் போயிரக் கூடாதுன்னு ரெண்டு பொட்டலத்துலயும் வெள்ளையை வச்சுட்டேன்."

"தெரியுமே! இன்னொரு பொட்டலத்தையும் பிரிச்சுப் பாத்துட்டுத்தானே உன்னையப் பொண்ணு கேட்டு வந்தேன்."

"அப்புறம் எதுக்கு இத்தனை வருசமாப் புலம்புனீங்க?"

"புலம்புற அன்னைக்கெல்லாம் நீ பஜ்ஜி போடுறியே!"

முறைத்த புவனாவும் சிரித்துவிட்டாள். மகள் மட்டும் சிரிக்கவில்லை. இன்னும் அந்தக் கடிதத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

சிவமுருகன் மகளை ஒரு கணம் பார்த்தார். பிறகு மனைவியின் பக்கம் குனிந்து சொன்னார்:

"இவளுக்கு ரெண்டுலயும் சிவப்பை வச்சு வெரசாக் கட்டு."