ரொட்டியின் ஓரங்கள்
சமையலறை ஜன்னல் வழியாக வரும் சாய்வெயில் கண்ணாடிப் பாத்திரத்தில் விழுந்து கிடக்கிறது. சின்னப் பாத்திரம். பெரியது மேல்தட்டில் சும்மா இருக்க, தம்பி பெண்டாட்டி இதைத்தான் எடுத்து நீட்டுகிறாள். "நாளைக்குக் காலையில நாலு பேருக்கு இது தாராளம், அண்ணி." வீட்டில் இருப்பது ஐந்து பேர். தம்பி வீட்டோடு வந்து தங்கிவிட்ட அக்கா அதை வாங்கி மேடையில் வைக்கிறாள். ரொட்டியின் ஓரங்களை நறுக்கித் தட்டில் ஒதுக்குகிறாள். தம்பி பிள்ளைகள் இரண்டு பேருக்கும் ஓரம் தொண்டையில் இறங்காதாம். "அதைத் தூக்கிப் போட்டுடாதீங்க, நீங்க டீயில தொட்டுக்கலாம்" என்றபடி தம்பி பெண்டாட்டி கூடத்துக்குப் போகிறாள். அக்கா ரொட்டித் துண்டுகளைப் பாத்திரத்தில் அடுக்கி, பாலையும் முட்டையையும் அடித்து மேலே ஊற்றுகிறாள். ராத்திரி முழுக்க ஊறினால்தான் காலையில் ஓவனில் பஞ்சாக வேகும். ஒரு துண்டு மட்டும் எத்தனை தடவை அமுக்கினாலும் மேலே வந்து மிதக்கிறது. கூடத்தில் டிவியோடு சேர்ந்து எல்லாரும் சிரிக்கிறார்கள். அந்தச் சிரிப்புக்கு நடுவிலிருந்து தம்பி குரல் கொடுக்கிறான்: "அக்கா, காலையில நீயே எழுந்து ஓவன்ல வச்சிடு. நாங்க கொஞ்சம் தூங்குறோம், லீவுதானே!" யாருக்குடா லீவு என்று நாக்கு நுனிவரை வருகிறது. "சரிப்பா" என்கிறாள். சீஸைத் தூவப்போன கை நின்றுவிடுகிறது. தட்டிலிருக்கும் ஓரங்களை ஒன்று விடாமல் அள்ளிப் பாத்திரத்தில் போடுகிறாள். விரலால் பாலுக்குள் அமுக்கி, வெளியே தெரியாதபடி மேலே சீஸைத் தாராளமாகத் தூவி, ஃபிரிட்ஜில் வைத்துக் கதவைச் சாத்துகிறாள். காலையில் நாலு பேர் வாயிலும் ஓரம்தான்.