ஓட ஒரு சோடிச் சப்பாத்து

"குதிக்காலுக்கிட்ட வழுக்குதா புள்ள? வழுக்கினாக் கழட்டு. கொப்பளம் போட்டிரும்."

அஸர் தொழுதுவிட்டுக் கடைக்குள் காலை வைத்த காலிதீன் ஹாஜியாரின் காதில் முதலில் விழுந்தது இந்தப் பேச்சுத்தான். கல்முனையில் அவருடைய சப்பாத்துக் கடை. பக்கத்துத் தையல்காரரைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டுப் பள்ளிக்குப் போயிருந்தார். திரும்பி வந்தால், கடையிலிருந்த ஒரே கதிரையில் சாரம் உடுத்த ஒருவர் சாவகாசமாகச் சாய்ந்திருக்கிறார். அவருக்கு முன்னால் ஒரு பெண், முக்காட்டை இழுத்துவிட்டபடி, ஓட்டச் சப்பாத்து ஒன்றைக் காலில் மாட்டிக்கொண்டிருக்கிறாள்.

"நான் மீராமுகைதீன், நற்பிட்டிமுனை. இவ என்ட பொஞ்சாதி ஸுல்பிகா. ஓடுறத்துக்கு ஒரு சோடி வேணும் ஹாஜியார்."

பெண்கள் ஓடுவதென்பது அந்த ஊரில் யாரும் காணாத காட்சி. ஆகவே சப்பாத்து அந்த மனிதருக்குத்தான் என்பதில் ஹாஜியாருக்குச் சந்தேகமே வரவில்லை. இருவருக்கும் ஒரே அளவு கால் போலும். குனிந்து போடச் சோம்பல்பட்டு மனைவியின் காலில் ஏற்றிப் பார்க்கிறார். கொடுத்து வைத்த மாப்பிள்ளை!

"பெருவிரலுக்கு முன்னால ஒரு விரல் வெக்க இடம் இரிக்கா?"

"இரிக்கி."

"பக்கத்தில நசிக்குதா?"

"கொஞ்சம்."

"அப்ப அது வேணாம். பின்னேரமாப் பாத்து வந்ததே அதுக்குத்தான் ஹாஜியார். நாள் முழுக்க நடந்து கால் அகண்டு நிக்கிற நேரம் இது. காலையில அளவாயிருந்த சப்பாத்து பின்னேரம் கடிக்கும்."

கொழும்பிலிருந்து புதிதாக வந்திறங்கிய சிங்கப்பூர்ச் சப்பாத்துகளை மீராமுகைதீன் ஒவ்வொன்றாகக் கையில் வாங்கினார். வளைத்துப் பார்த்தார். நடுவில் மடிந்ததைத் தள்ளி வைத்தார். விரல் மடியும் இடத்தில் மடிந்ததை மடியில் வைத்துக்கொண்டார். பிறகு அதன் உள்ளே கைவிட்டு, குதிக்காலின் மெத்தையைப் பெருவிரலால் அமர்த்தினார்.

"அமர்ந்தது உடனே எழும்பணும் ஹாஜியார். அமர்ந்தபடியே கிடந்தா அது தலகாணி, சப்பாத்து இல்ல."

ஹாஜியார் வாயைப் பிளந்துகொண்டு நின்றார். இத்தனை காலம் சப்பாத்து விற்றும், நிறத்தையும் விலையையும் தவிர வேறெதையும் யாரும் அவரிடம் கேட்டதில்லை. ஒரு சோடிச் சப்பாத்துக்குள் இவ்வளவு படிப்பு இருக்கிறதா!

"நீங்க ஓட்டக்காரரா தம்பி?"

"முந்தி சம்மாந்துறைக்கு ஓடிப்போய், பிளேன்டீ ஒண்டு குடிச்சிட்டு, ஓடியே திரும்பி வருவன்."

"இப்ப எந்தப் போட்டிக்கு?"

"போட்டி இல்ல. ஆனா வாழ்க்கையில ஒருக்கா மட்டும் கிடைக்கிற ஓட்டம். நடுவில கால் புண்ணாகி நிண்டா, மறுகா அங்க போக நமக்கு வழியில்ல."

பிறகு மடியிலிருந்த சோடியை மனைவிக்குப் போடக் கொடுத்தார். "சும்மா நடந்தாத் தெரியாது புள்ள. பாரத்தோட பாரு."

ஹாஜியார் வீட்டுக்கென்று வாங்கி மூலையில் வைத்திருந்த அரிசி மூட்டையை, அனுமதி கேட்டு, ஸுல்பிகா முதுகில் ஏற்றினாள். வாசலுக்கும் சுவருக்குமாக நடந்தாள். அப்புறம் ஓடினாள். மூச்சு வாங்கியது, கால் மட்டும் தடுமாறவில்லை. மலைத்துப்போன ஹாஜியாருக்கு அடுத்த கணமே கோபம் பொத்துக்கொண்டு வந்தது. இதென்ன மனிதன்!

"ஏன் தம்பி அவவப் போட்டு வதைக்கிறீங்க? எழும்பி நீங்களே போட்டுப் பாருங்களன்!"

மீராமுகைதீன் சிரித்தார். மூட்டையை இறக்கி வைத்த ஸுல்பிகாவும் சிரித்தாள்.

"இதுதான் சரி. நிலத்தில மிதிக்கிற மாதிரியே இல்ல. இதையே எடுப்பம்" என்றாள்.

மீராமுகைதீன் காசை நீட்டினார். "துஆ செய்ங்க ஹாஜியார். ரெண்டு பேரும் இந்த வருசம் ஹஜ்ஜுக்குப் போறம்."

"அல்ஹம்துலில்லாஹ்!" ஹாஜியாரின் கோபம் போன இடம் தெரியவில்லை. ஆனால் போய் வந்தவராயிற்றே, சும்மா இருப்பாரா? "அதுக்கு இதயா வாங்குறீங்க? இஹ்ராம் உடுத்த ஆம்பிளை கால மூடுற சப்பாத்துப் போடப்படாது தம்பி!"

"எனக்கில்ல ஹாஜியார், இவவுக்கு. பொம்பிளைக்குத் தடையில்ல எண்டு பள்ளி ஆலிம்சாக்கிட்டயும் கேட்டிட்டன்."

"தடையில்லதான். ஆனா பொம்பிளைக்கு அங்க ஓட்டமும் இல்லையே! ஸபா மலைக்கும் மர்வா மலைக்கும் இடையில தொங்கோட்டம் எண்டா, ஆம்பிளைதான் அந்தப் பச்சை அடையாளத்துக்குள்ள ஓடணும். பொம்பிளை நடந்தாக் காணும். இது தெரியாதா தங்கச்சி?"

"தெரியும் ஹாஜியார். எனக்கு ஓட்டமில்ல" என்றாள் ஸுல்பிகா. "இவருக்கு இரிக்கே."

சொல்லிவிட்டுக் கதிரைக்கு முதுகைக் காட்டிக் குந்தினாள். மீராமுகைதீன் சூம்பிக் கிடந்த தன் கால்களை ஒவ்வொன்றாகக் கையால் தூக்கி அவள் இடுப்பின் இரு பக்கமும் போட்டு, தோளை இறுகக் கட்டிக்கொள்ள, "பிஸ்மில்லாஹ்" என்று சொல்லி எழும்பினாள்.