ஊரே வரைந்த வீதி

உலக சரித்திரத்தில் இதுவரை எந்த அரசாங்கமும் துணியாத காரியம் ஒன்று, 1953ஆம் ஆண்டு, மலாயாவில், திகாம் பத்துவிலிருந்து மூன்று மைல் தள்ளியிருந்த ஒரு சின்ன டவுனில் நடந்தேறியது. வீதி எப்படி இருக்க வேண்டும் என்று அதில் நடப்பவர்களையே கேட்டார்கள்.

"இது உங்க வீதி! உங்க முச்சந்தி!" டவுன் போர்டில் கிராணியாக, அதாவது குமாஸ்தாவாக, இருந்த பரஞ்சோதி நாற்காலி மேல் ஏறி நின்று முழங்கினார். "பென்சிலைப் புடிக்கப் போறது தொரை இல்ல, நீங்க!"

பக்கத்தில், வீதிக்குப் படம் போட வந்த வெள்ளைக்காரத் துரை, தான் இன்னும் பிடித்திருந்த பென்சிலைப் பார்த்துப் புன்னகைத்தார். பள்ளித் திடலில் கைதட்டல் அடங்க ஐந்து நிமிடம் ஆயிற்று.

மேசைமேல் விரித்திருந்த படத்தில், முச்சந்தியின் நடுவே ஒரு சிவப்பு வட்டம். அங்கே மணிக்கூண்டு வரும். அந்த வட்டத்துக்கு அடியில்தான் காஜா மைதீனின் சாப்பாட்டுக்கடை இருபத்திரண்டு வருடமாக நின்றுகொண்டிருந்தது.

"அது வெறும் யோசனைதான்," என்றார் பரஞ்சோதி. "நீங்க வேணாம்னா வேணாம்."

அவ்வளவுதான், ஊர் கிளம்பிவிட்டது.

"நடுவுல கூண்டு எதுக்கு? தண்ணிக் கொழா போடுங்க!" என்றாள் ரப்பர் தோட்டத்துப் பால்வெட்டுக்காரி பாப்பம்மா. "மணி தெரிஞ்சு நான் என்ன பண்ணப் போறேன்? வெடிஞ்சா தோட்டத்துல சங்கு ஊதிருவான்."

"கள்ளுக்கடைக்கு நேர் ரோடா போடுங்கலா," என்றான் லாரிக்கார அம்மாசி. "திரும்பி வர்றப்ப வளைவு ஒத்துவராது."

முடிவெட்டும் குழந்தைவேலு தன் கடை வாசலில் பஸ் நிற்க வேண்டும் என்றார். பஸ்ஸுக்குக் காத்திருப்பவன் சும்மாவா இருப்பான், உட்கார்ந்து தலையைக் கொடுப்பான் என்பது அவர் கணக்கு.

இத்தனை கூச்சலுக்கும் நடுவில் இரண்டு சிப்பாய்கள் ஒரு தகரப் பெட்டியைத் தூக்கி வந்து வைத்தார்கள். போலீஸ் ஸ்டேஷனில் இரவல் வாங்கியது. காட்டுக்குள் ஒளிந்திருக்கும் கம்யூனிஸ்டுகளுக்கு அரிசி கடத்துவது யார் என்று பெயர் போடாமல் எழுதிப் போடச் சொல்லி, போன மாதம் வீடு வீடாக வந்த அதே பெட்டி. அதில் என்ன தேறியது என்று போலீஸ் இன்றுவரை வாய் திறக்கவில்லை.

"வீட்டுக்கு ஒரு வெள்ளத் தாள்," என்றார் பரஞ்சோதி. "பேரு வேணாம், கையெழுத்து வேணாம். மனசுல உள்ளத எழுதி, ஞாயித்துக்கெழம கொண்டாந்து போடுங்க."

அடுத்த நான்கு நாட்கள் காஜா மைதீன் கடையில் கல்யாணக் களை. வந்தவனுக்கெல்லாம் ரொட்டியும் தேத்தண்ணியும் சும்மா. எழுதத் தெரியாதவர்களுக்குப் பாடமும் சும்மா. மேசைமேல் சால்னாவைத் தொட்டு 'கடை வேண்டும்' என்று எழுதிப் பழகியது ஊர். பள்ளிக்கூடம் பத்து வருடத்தில் சாதிக்காததைச் சால்னா நான்கே நாளில் சாதித்தது.

"பாய், உங்க கடை போனா எங்க பசி எங்க போவும்?" என்று நெஞ்சில் அடித்துக்கொண்டான் அம்மாசி, நான்காவது ரொட்டியோடு. "நம்ம தாளு உங்களுக்குத்தான்லா!"

குழந்தைவேலு பஸ்ஸையே தியாகம் செய்தார். பாப்பம்மா தண்ணீர்க் குழாயை விட்டுக்கொடுத்தாள். தன் கடைக்காக இப்படி ஓர் ஊரே திரண்டதைப் பார்த்து காஜா மைதீன் இரண்டு முறை கண்ணைத் துடைத்துக்கொண்டார். மூன்றாவது முறை வெங்காயம்.

ஞாயிற்றுக்கிழமை காலை எல்லோரும் வெள்ளை உடுத்தி வரிசையில் நின்று தாளை மடித்துப் போட்டார்கள். பத்து மணிக்குத் துரை பூட்டைத் திறந்தார்.

முதல் தாளைப் பிரித்தார். திருப்பிப் பார்த்தார். இரண்டாவதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். இருநூற்றுப் பதினான்கையும் பிரித்து முடித்துவிட்டுப் பரஞ்சோதியின் காதில் ஏதோ சொன்னார்.

பரஞ்சோதி நாற்காலி மேல் ஏறினார். "எல்லாத் தாளும் காலி! ஆட்சேபணை ஒண்ணுகூட இல்ல! மணிக்கூண்டு ஏகமனதா நெறவேறிருச்சி!"

காஜா மைதீன் மெல்லத் திரும்பி ஊரைப் பார்த்தார். ஊர் தரையைப் பார்த்தது.

"அம்மாசி, நாலு ரொட்டிடா!"

"எழுதத்தான் ஒக்காந்தேன் பாய். அந்தப் பெட்டி நெனப்பு வந்திச்சி. எழுத்த வச்சி ஆளப் புடிச்சிருவானுங்க. போன மாசம் போட்ட மாதிரியே காலியாப் போட்டுட்டேன்."

"நானுந்தான்," என்றாள் பாப்பம்மா. குழந்தைவேலு இருமினார்.

"என் பொழப்புடா அது!" காஜா மைதீனின் குரல் உடைந்தது. "ஒருத்தனுக்கு, ஊருல ஒரே ஒருத்தனுக்குத் தைரியம் இல்லியா?"

துரை மறுபடி ஏதோ சொன்னார். பரஞ்சோதி குனிந்து, முதல்முறையாகச் சாதாரண மனிதக் குரலில் பேசினார்.

"பாய், ஒரே ஒரு தாளு வேணாம்னு வந்திருந்தாக்கூட, கூண்ட எதிர்த்த காலி நெலத்துக்குத் தள்ளிருப்பாராம். ஒங்க தாளு ஒண்ணே போதுமாம். அதக் காணோமேன்னு கேக்குறாரு."

காஜா மைதீன் தொப்பியைக் கழற்றினார், தலையைச் சொறிந்தார், மறுபடி போட்டுக்கொண்டார்.

"நானும் காலித் தாள்தான் போட்டேன்."