வரிசையின் தலைவன்

கரும்பலகையில் ஐந்து கார்பன்கள் நேர்வரிசையில் நின்றன. இரண்டாவதன் காலடியில் இன்னும் இரண்டு, ஒன்றன்கீழ் ஒன்றாகத் தொங்கின.

“தொங்குறவனெல்லாம் கிளைதான். பேரு எங்க சங்கிலிக்குத்தான்” என்றது வரிசையின் தலையில் நின்ற கார்பன்.

“சரிண்ணே” என்றது அடியில் தொங்கிய கார்பன்.

அந்த மூலக்கூறுக்குப் பெயர் வைக்கச் சாக்பீஸ் வந்தது. “எது ரொம்ப நீளமோ அதுதான் சங்கிலி. வளைஞ்சிருந்தா என்ன?” என்றபடி அடியில் தொங்கியதிலிருந்து எண்ணத் தொடங்கியது. ஒன்று, இரண்டு என்று மேலேறி, மூன்றில் வளைந்து, நான்கு, ஐந்து, ஆறு என்று வரிசையின் மறுகோடியில் போய் நின்றது.

நேராக ஐந்துதான். வளைந்த வழியிலோ ஆறு! தலையில் நின்றது மட்டும் எண்ணில் சேராமல் கிளையாகிவிட்டது.

“நான் இம்மிகூட நகரலையே!” என்று அது பிரமித்தது.

அடியில் தொங்கியதும் வாயைப் பிளந்தபடி சொன்னது: “நானும்தாண்ணே!”